சென்னைக்கு துபாயும் சிங்கப்பூரும் ஒரே தூரம்: விமான தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நீங்களே கணக்குப் போடலாம்

எங்கள் வீட்டில் தம்பி துபாயில், சித்தப்பா சிங்கப்பூரில். யார் டிக்கெட் போட்டாலும் அது குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வரும், வந்த அடுத்த நிமிடமே அத்தை என்னைக் கூப்பிடுவார். ஒருமுறை சித்தப்பா அனுப்பிய டிக்கெட்டில் சிங்கப்பூரில் காலை 10.15-க்குக் கிளம்பி சென்னையில் 11.55-க்கு இறங்குவதாக இருந்தது. "ஒண்ணே முக்கால் மணி நேரத்துல சிங்கப்பூர்லேர்ந்து வந்துடலாமா? மதுரைக்கே அவ்வளவு ஆகுதே!" என்றார் அத்தை. சிரித்தேன், ஆனால் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. அதற்கு முந்தைய வருடம் நான்தான் இதே நேரக் கணக்கில் இரண்டரை மணி நேரம் தப்புப் பண்ணி, விடியற்காலையில் மீனம்பாக்கத்தில் கொசுக்கடியில் நின்றேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து இதை முறையாகக் கற்றுக்கொண்டேன். கணக்குப் போட்டபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் சாங்கி சுமார் 2,920 கிலோமீட்டர். சென்னையிலிருந்து துபாய் சுமார் 2,930 கிலோமீட்டர். கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று, நடுவில் தராசு முள் மாதிரி சென்னை. ஆனால் டிக்கெட்டில் உள்ள கடிகார நேரத்தைப் பார்த்தால் துபாய் ஏதோ பக்கத்து ஊர் போலவும் சிங்கப்பூர் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் தள்ளி இருப்பது போலவும் தெரியும். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் பறக்கும், டிக்கெட்டில் என்ன போட்டிருக்கும் என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். இந்த ஜோடியை வைத்தே மூன்றையும் பார்த்துவிடலாம்.

படி 1: எந்த விமான நிலையம் என்று முதலில் உறுதி செய்யுங்கள்

ஊர்ப் பெயரை வைத்துத் தேடாதீர்கள், மூன்றெழுத்துக் குறியீட்டை வைத்துத் தேடுங்கள். சென்னைக்கு எம்.ஏ.ஏ. (மெட்ராஸ் காலத்துப் பெயர், மாறவே இல்லை), சிங்கப்பூருக்கு எஸ்.ஐ.என்., துபாய்க்கு டி.எக்ஸ்.பி. இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். திருச்சி டி.ஆர்.இசட்., திருவனந்தபுரம் டி.ஆர்.வி., ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஹைதராபாத் என்று இந்தியாவிலும் உண்டு, பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலும் உண்டு, இரண்டுக்கும் விமான நிலையம் இருக்கிறது. துபாயிலேயே டி.எக்ஸ்.பி. தவிர ஊருக்குத் தெற்கே டி.டபிள்யூ.சி. என்று இன்னொன்று. கோலாலம்பூருக்குப் பெரிய நிலையம் செபாங்கில், பழையது சுபாங்கில். லண்டன் என்றால் ஹீத்ரோவா கேட்விக்கா என்று கேட்காமல் கணக்கே தொடங்கக் கூடாது. வானத்தில் தூரம் அதிகம் மாறாது, தரையில் இறங்கிய பிறகு டாக்ஸிக்காரரிடம்தான் தெரியும்.

படி 2: இரண்டு இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுங்கள்

போனில் கூகுள் மேப்ஸைத் திறந்து, ஓடுபாதையின் மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்தினால் ஓர் ஊசி விழும். கூடவே இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சரேகை, அதாவது நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே. இரண்டாவது தீர்க்கரேகை, கிரீனிச்சிலிருந்து எவ்வளவு கிழக்கே அல்லது மேற்கே. பள்ளிப் புத்தகத்தில் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு என்று படித்திருப்போம். தசமத்துக்குப் பிறகு இரண்டு இலக்கம் போதும், ஒரு கிலோமீட்டர் அப்படி இப்படி ஆனால் நமக்கு ஒன்றும் முழுகிப் போகாது.

சென்னை: 12.99, 80.17. சிங்கப்பூர்: 1.36, 103.99. துபாய்: 25.25, 55.36.

படி 3: தூரம்

நேரடியாகப் பெரிய கணக்குக்குப் போக வேண்டாம், யாழ்ப்பாணத்தில் ஆரம்பிப்போம். பலாலியில் உள்ள யாழ்ப்பாணம் விமான நிலையத்தின் எண்கள் 9.79, 80.07. சென்னையின் தீர்க்கரேகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், 80.17-க்கும் 80.07-க்கும் வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட சென்னைக்கு நேர் தெற்கே இருக்கிறது. அப்படியானால் அட்சரேகையை மட்டும் கழித்தால் போதும்: 12.99-லிருந்து 9.79 போக 3.20 பாகை. இதை 60-ஆல் பெருக்குங்கள், 192. இதுதான் கடல் மைலில் தூரம்.

ஏன் 60? ஒரு பாகைக்கு 60 கலை. ஒரு கலை அட்சரேகை நகர்ந்தால் பூமியின் மேல் எவ்வளவு தூரம் போகிறோமோ, அதைத்தான் அந்தக் காலத்து மாலுமிகள் ஒரு கடல் மைல் என்று வைத்தார்கள். இன்று அது 1.852 கிலோமீட்டர் என்று நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. விமானிகள் இன்னமும் கடல் மைலிலும், மணிக்கு ஒரு கடல் மைல் என்ற நாட் கணக்கிலும்தான் பேசுகிறார்கள், அதனால் நாமும் அதிலேயே போட்டால் வேலை சுலபம். 192-ஐ 1.852-ஆல் பெருக்கினால் சுமார் 355 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரையைவிடப் பக்கம். 2019 அக்டோபரில் பலாலி மறுபடி சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னையிலிருந்து ஏ.டி.ஆர். என்ற காற்றாடி வைத்த சின்ன விமானம் பறக்க ஆரம்பிக்கும் வரை, இந்த 355 கிலோமீட்டருக்காகக் கொழும்பு போய் அங்கிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ வடக்கே ஏற வேண்டியிருந்தது.

நேர் வடக்கு தெற்காக இல்லாத ஊர்களுக்கு? சில நூறு கிலோமீட்டர்தான் என்றால் பிதாகரஸ் தேற்றமே போதும், ஒரு திருத்தத்தோடு. மதுரை 9.83, 78.09. அட்சரேகை வித்தியாசம் 3.16, தீர்க்கரேகை வித்தியாசம் 2.08. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கும், அதனால் இரண்டாவது எண்ணைச் சராசரி அட்சரேகையின் கொசைனால் பெருக்க வேண்டும். இங்கே சராசரி 11.4 பாகை, அதன் கொசைன் 0.98, பெருக்கினால் 2.04. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 3.76 பாகை. அறுபதால் பெருக்க 226 கடல் மைல், அதாவது 418 கிலோமீட்டர். சாலையில் 460-க்குப் பக்கம். நம் ஊரில் இந்தத் திருத்தம் சின்னது. லண்டன் பக்கம் போனால் ஒரு பாகை தீர்க்கரேகை 111 கிலோமீட்டரிலிருந்து 69-ஆகச் சுருங்கிவிடும், அங்கே திருத்தத்தை மறந்தால் கணக்கு கந்தல்.

தூரம் ஆயிரத்தைத் தாண்டினால் உருண்டைக் கணக்கு வேண்டும். பயப்பட வேண்டாம், போனில் உள்ள சயின்டிஃபிக் கால்குலேட்டர் போதும். சிங்கப்பூருக்குப் போடுவோம்.

முதலில் இரண்டு அட்சரேகையின் சைன்களைப் பெருக்குங்கள்: 0.2248 × 0.0237 = 0.0053. அடுத்து இரண்டு அட்சரேகையின் கொசைன்களையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் (23.82 பாகை) கொசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள்: 0.9744 × 0.9997 × 0.9148 = 0.8912. இரண்டையும் கூட்டினால் 0.8965. எந்தக் கோணத்துக்குக் கொசைன் 0.8965 என்று கால்குலேட்டரில் தலைகீழ் கொசைன் போட்டுக் கேளுங்கள்: 26.3 பாகை. பிறகு பழைய கதைதான், அறுபதால் பெருக்கு: 1,578 கடல் மைல், 2,922 கிலோமீட்டர். இதே மாதிரி துபாய்க்குப் போட்டால் 26.38 பாகை, 1,583 கடல் மைல், 2,931 கிலோமீட்டர். நான் முதலில் இதை எக்செலில் போட்டபோது சம்பந்தமே இல்லாத எண்ணாக வந்துகொண்டிருந்தது, அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். எக்செல் கோணத்தைப் பாகையில் எடுக்காது, ரேடியனில்தான் எடுக்கும். 180-ஆல் வகுத்துப் பை (π) என்ற எண்ணால் பெருக்கிக் கொடுக்க வேண்டும். கால்குலேட்டரிலும் பாகையா ரேடியனா என்று மேலே ஓர் எழுத்து காட்டும், தொடங்கும் முன் அதைப் பாருங்கள். பூமி சரியான உருண்டை இல்லாததால் இந்த முறையில் அதிகபட்சம் அரை சதவீதம் போலப் பிழை வரலாம், வீட்டு உபயோகத்துக்கு அது தாராளம்.

சைன் கொசைன் எல்லாம் ஒத்துவராது என்பவர்கள் கிரேட் சர்க்கிள் மேப்பர் தளத்தில் எம்.ஏ.ஏ., எஸ்.ஐ.என். என்று அடித்தால் கோடும் போட்டு தூரமும் தரும். கூகுள் மேப்ஸிலும் தூரத்தை அளக்கும் வசதி இருக்கிறது. ஆனாலும் ஒரே ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள், அப்புறம் எந்தத் தளம் தப்பான எண்ணைக் காட்டினாலும் சட்டென்று பிடித்துவிடுவீர்கள். சாலை தூரத்தை விமான தூரம் என்று போட்டிருக்கும் பக்கங்கள் நிறைய.

படி 4: வரைபடத்தில் ஏன் கோடு வளைகிறது

சுவரில் மாட்டும் உலகப் படத்தில் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டால் அது மிகக் குறுகிய பாதை இல்லை. உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளை இணைக்கும் குறுகிய வழி பெருவட்டப் பாதை. ஒரு பூகோள உருண்டையில் நூலை இறுக்கிப் பிடித்துப் பார்த்தால் தெரியும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு முதல் நேரடி விமானத்தை விட்டபோது அது வட துருவத்துக்கு மேலே பறந்து வந்தது. படத்தில் பார்த்தால் பைத்தியக்காரத்தனம், நூலை வைத்துப் பார்த்தால் அதுதான் நேர் வழி. சென்னை–சிங்கப்பூர் போல நிலநடுக்கோட்டை ஒட்டிய பயணங்களில் இந்த வளைவு அதிகம் தெரியாது.

படி 5: தூரத்தை நேரமாக்குவது

ஏர்பஸ் 320, போயிங் 737 வகை ஜெட்டுகள் உயரத்தில் ஏறிச் சீரான பிறகு சுமார் 450 நாட், அதாவது மணிக்கு 830 கிலோமீட்டர் சொச்சம் போகும். போயிங் 787, ஏர்பஸ் 350 போன்ற பெரியவை இன்னும் கொஞ்சம் வேகம், 485 நாட் வைத்துக்கொள்ளலாம். ஏ.டி.ஆர். 72 மாதிரி காற்றாடி வைத்தவை 270 நாட்.

ஆனால் முழுத் தூரமும் அந்த வேகத்தில் போவதில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் மெதுவாகத்தான் போகும், சுற்றிக்கொண்டு திரும்பி ஓடுபாதைக்கு நேராக வர வேண்டும். இதற்காக ஜெட் என்றால் அரை மணி நேரம் சேர்ப்பேன், ஏ.டி.ஆர். என்றால் கால் மணி நேரம். பிறகு தரையில் ஊர்ந்து போகிற நேரம் இரண்டு பக்கமும் சேர்த்து 20 நிமிடம். இவை என் கைக்கணக்கு, விமானியிடம் கேட்டால் சிரிப்பார். ஆனால் பலிக்கிறது.

சிங்கப்பூர்: 1,578-ஐ 450-ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம். அரை மணி சேர்த்தால் 4 மணி, தரையில் 20 நிமிடம், மொத்தம் 4.20. துபாய்க்கும் அதே 4.20 வரும். மதுரைக்கு ஜெட்டில் அரை மணி, அதோடு அரை மணி, அதோடு 20 நிமிடம், ஆக 1.20. யாழ்ப்பாணத்துக்கு ஏ.டி.ஆரில் 43 நிமிடம், 15, 20, கிட்டத்தட்ட அதே 1.20. மதுரையைவிடப் பக்கம்தான், மெதுவான விமானம் என்பதால் நேரம் சமமாகிவிட்டது. பக்கத்து ஊர் விமானங்களில் தூரத்துக்கு நேரத்தில் பெரிய பங்கே கிடையாது, கிட்டத்தட்ட பாதியோ அதற்கு மேலோ ஏறுவதும் இறங்குவதும் ஊர்வதும்தான்.

டிக்கெட்டில் போட்டிருப்பது இந்த மொத்த நேரம். விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்பது வரை. பிளாக் டைம் என்பார்கள். சக்கரம் தரையை விட்டுத் தரையைத் தொடும் வரை உள்ள பறக்கும் நேரம் இதைவிடக் குறைவு. அதோடு நிறுவனங்கள் தாமதத்துக்கு இடம் விட்டு இன்னும் சில நிமிடம் கூட்டிப் போடுவதும் உண்டு. 20 நிமிடம் முன்னாடியே இறங்கிட்டோம் என்று பைலட் பெருமையாக அறிவிக்கிற தருணங்களில் பாதி இதனால்தான்.

படி 6: காற்று

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம் என்று டிக்கெட்டில் பார்த்திருப்பீர்கள். பூமி சுற்றுவதால் என்று சிலர் சொல்வார்கள், அப்படி இல்லை. காற்றும் பூமியோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. உண்மையான காரணம் மேலே 10, 12 கிலோமீட்டர் உயரத்தில் ஆற்று வெள்ளம் மாதிரி ஓடும் ஜெட் காற்று. குளிர்காலத்தில் அது வட இந்தியா, வளைகுடா பக்கமாக மேற்கிலிருந்து கிழக்கே வீசும்.

துபாய்க்குப் போகும் விமானத்துக்கு வழி நெடுக சராசரியாக 40 நாட் எதிர்காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தரைமேல் அதன் வேகம் 410 நாட், 1,583 கடல் மைலுக்கு 3 மணி 52 நிமிடம். திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளும், 490 நாட், 3 மணி 14 நிமிடம். 38 நிமிட வித்தியாசம். இன்னொன்றையும் கவனியுங்கள். காற்றே இல்லாவிட்டால் 3.31. எதிர்காற்றில் 21 நிமிடம் இழந்தோம், பின்காற்றில் திரும்பக் கிடைத்தது 17 நிமிடம்தான். போக வர இரண்டும் சேர்ந்தால் காற்று எப்போதும் நஷ்டக் கணக்குதான், எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம் அல்லவா.

அந்தக் காற்றின் உச்சத்தைப் பார்க்க வேண்டும் என்றால் 2020 பிப்ரவரி. புயலோடு வந்த ஜெட் காற்றில் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. வழக்கமாக ஆறு, ஆறரை மணி நேரமாவது பறக்க வேண்டிய பாதை அது.

நம் தென்னிந்தியாவுக்கு மேலே கதை தலைகீழ். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மேலே கிழக்கிலிருந்து மேற்கே ஒரு ஜெட் காற்று ஓடுகிறது, கிட்டத்தட்ட சென்னையின் அட்சரேகையை ஒட்டியே. 1950களில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பி. கோட்டீஸ்வரம் இதைப் பற்றி எழுதினார். அதன் மையம் விமானங்கள் பறக்கும் உயரத்தைவிட மேலே இருந்தாலும், கீழேயும் கிழக்குக் காற்றுதான். அதனால் ஜூலை, ஆகஸ்டில் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வந்தால் சீக்கிரம் வருவார், திரும்பிப் போகும்போது கொஞ்சம் இழுக்கும்.

படி 7: வான்வழி மூடல்கள்

பெருவட்டப் பாதை என்பது கணிதம், மேலே பறக்க அனுமதி என்பது அரசியல். காற்றுக்கும் வான்பாதைக்கும் சேர்த்து நான் தூரத்தில் மூன்று நான்கு சதவீதம் கூட்டிக்கொள்வேன். ஆனால் ஒரு நாடு தன் வான்வெளியை மூடினால் சதவீதக் கணக்கு எடுபடாது. 2022-ல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டபோது, ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த ஃபின்னேர் துருவத்தைச் சுற்றி 13 மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய நிறுவனங்களுக்கு மூடியதும் டெல்லியிலிருந்து ஐரோப்பா, அமெரிக்கா போகிற விமானங்கள் சுற்றிப் போயின, அமெரிக்கா போகிறவற்றில் சில வியன்னாவில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போயின. சென்னை–துபாய் கர்நாடகத்தைக் கடந்து அரபிக் கடலுக்கு மேலே போகிற பாதை, சிங்கப்பூர் வங்காள விரிகுடாவுக்கு மேலே, அதனால் இரண்டும் தப்பித்தன. நீங்கள் லண்டனுக்கோ டொராண்டோவுக்கோ கணக்குப் போடுகிறீர்கள் என்றால், விமானங்கள் போகிற பாதையைக் காட்டும் ஃபிளைட்ரேடார்24 தளத்தில் அந்த விமானம் போன வாரம் எந்த வழியில், எத்தனை மணி நேரம் பறந்தது என்று பார்த்துவிடுங்கள். எந்தச் சூத்திரத்தையும்விட அது நம்பகம்.

படி 8: கடிகாரம்

அத்தையின் கேள்விக்கு வருவோம். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் கடிகாரப்படி, இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரப்படி. அதனால் இரண்டையும் நேரடியாகக் கழிக்கக் கூடாது. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். சித்தப்பா கிளம்பிய 10.15 என்பது நம் கடிகாரத்தில் 7.45. அங்கிருந்து 11.55 வரை 4 மணி 10 நிமிடம். சரியாகிவிட்டது.

மறுபக்கம் பாருங்கள். சென்னையில் இரவு 11.15-க்கு ஏறினால் சிங்கப்பூரில் காலை 6.05, கடிகாரத்தில் 6 மணி 50 நிமிடம், இரண்டரை போனால் உண்மையில் 4.20. சென்னையில் காலை 9.45-க்கு ஏறினால் துபாயில் 12.30, கடிகாரத்தில் 2 மணி 45 நிமிடம், துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் என்பதால் அதைக் கூட்ட 4.15. அதே தூரம், அதே நேரம், கடிகாரம் மட்டும் ஏமாற்றுகிறது.

கத்தார், குவைத், சவுதி நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். இலங்கையும் நாமும் ஒரே நேரம். மலேசியாவுக்குச் சிங்கப்பூர் நேரமே. லண்டன்தான் வம்பு: மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி, மற்ற மாதங்களில் ஐந்தரை. அதே ஞாயிறுகளில்தான் விமான நிறுவனங்களின் கோடை, குளிர்கால அட்டவணைகளும் மாறும், போன மாதத்து நேரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள்.

நள்ளிரவு விமானம் இன்னொரு பொறி. 15-ம் தேதி 00.30 என்று போட்டிருந்தால் 14-ம் தேதி இரவுச் சாப்பாடு முடித்துக் கிளம்ப வேண்டும். 15-ம் தேதி இரவு பெட்டியோடு வந்து நிற்கிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

படி 9: வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை

மதுரைக்கு 1.20 என்றோம். நிலையத்துக்குப் போக ஒரு மணி நேரம், முன்கூட்டி ஒன்றரை மணி நேரம், இறங்கிப் பெட்டி எடுத்து ஊருக்குள் போக இன்னொரு மணி நேரம். ஐந்து மணி நேரம் போச்சு. எழும்பூரிலிருந்து தேஜஸ் ரயில் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேலே. இதற்கு நான் ரயிலில்தான் போவேன், ஜன்னல் ஓரம் கிடைத்தால் இரண்டாவது யோசனையே இல்லை.

வெளிநாடு என்றால் மூன்று மணி நேரம் முன்னால் போய்விடுங்கள், செக்-இன் கவுண்டரை வழக்கமாகக் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடிவிடுவார்கள். மாறிப் போகிற பயணமாக இருந்தால் இரண்டு விமானத்தின் நேரத்தோடு நடுவில் காத்திருப்பதையும் கூட்ட வேண்டும். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டி வரும், நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக விடவே மாட்டேன்.

அழைத்து வரப் போகிறவர்களுக்கு: டிராக்கரில் "இறங்கிவிட்டது" என்று காட்டியதும் பதற வேண்டாம். விமானம் ஊர்ந்து வந்து நிற்க பத்துப் பதினைந்து நிமிடம், இமிகிரேஷன் வரிசை, பெட்டி வருகிற பெல்ட், கஸ்டம்ஸ், எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரத்திலிருந்து ஒன்றேகால் மணி வரை ஆகும். எங்கள் வீடு தாம்பரத்தில். சித்தப்பாவின் விமானம் தரையைத் தொட்டது தெரிந்த பிறகுதான் நான் இப்போதெல்லாம் வண்டிச் சாவியையே தேடுகிறேன், அப்படியும் அவருக்கு முன்னால் போய் ஒரு காபி குடிக்க நேரம் இருக்கிறது.